அரிசி வாளி

குஷிரோவில் டிசம்பர். கடல் புகைகிறது.
மைதானத்தில் முழங்கால் பனி.
மீன் டப்பா ஆலைக்குப் பின்னால்
வெள்ளரி வளர்த்த பாலித்தீன் கூடாரத்தில்
வெள்ளரிக்குப் பதிலாகப்
பதினான்கு பேர் நிற்கிறோம்.
மார்ச் வரை பந்தைத் தொடக் கூடாது.

ஹதகெயாமா முன்பு பளு தூக்கியவள்.
பகலில் ஆலையின் கணக்குப் பிரிவு,
மாலையில் நாங்கள்.
கணக்கை அவள் எங்கும் விடுவதில்லை.
"எறிவது கை என்றா நினைக்கிறாய்?
கால் தரையிடம் கடன் வாங்குகிறது.
இடுப்புக்குக் கைமாற்றாய்த் தருகிறது.
இடுப்பு முதுகுக்கு, முதுகு தோளுக்கு.
நடுவில் ஒருவன் ஏய்த்தால்
வட்டி முழுக்க முழங்கை கட்டும்."

ஆகவே குந்துகிறோம், எழுகிறோம்.
இரும்புத் தண்டை முள்ளங்கிபோல்
தரையிலிருந்து பிடுங்குகிறோம்.
தூணில் கட்டிய ரப்பர் பட்டையை
வெளிப்பக்கம் இழுக்கிறோம், மெதுவாக,
பதினைந்து, மறுபடி பதினைந்து.
இதில் வீரம் எதுவும் இல்லை.
திரைச்சீலை விலக்கும் வேலைக்குப்
போகலாம் என்கிறான் நொஸூயே, எங்கள் கேட்சர்.

கடைசியில் வாளி.
நீல வாளி நிறையப் பழைய அரிசி,
வண்டு விழுந்ததென்று
ஆலையின் சமையலறை தள்ளிவிட்டது.
மணிக்கட்டுவரை புதைத்து
விரலை விரி. மூடு. விரி.
முதலில் வழி விடுகிறது.
நாற்பதில் மணல். எழுபதில் சுவர்.
சோறாகாத அரிசி
என் முன்கையில் வேகிறது.

ஜனவரி இருபதோ இருபத்தொன்றோ,
சுண்டுவிரலுக்கு அரிசி தெரியவில்லை.
மற்ற நான்கும் மணிமணியாய் எண்ணின,
அது மட்டும்
யாருடைய விரலோபோல் கிடந்தது.
"வலிக்கிறதா?" என்றாள்.
இல்லை என்றேன். பொய் இல்லை.
வலி இல்லை; விரலும் இல்லை.
போன கோடையில் ஒரே மாலையில்
நூற்று முப்பது பந்து எறிந்தேன்.
அந்தக் கைதட்டலை
இவளிடம் எந்தக் கணக்கில் எழுதுவது?

அவள் வாளியைப் பார்த்தாள்.
அரிசியில் நான்கு பள்ளங்கள்.

ஒபிஹிரோவில் மருத்துவர். பேருந்தில் இரண்டு மணி நேரம்.
நரம்பு நசுங்குகிறது என்றார்,
நார் நீண்டிருக்கிறது,
அறுந்துவிடவில்லை.
திரும்பும் வழியெல்லாம்
அந்தக் கடைசிச் சொல்லை மென்றேன்.

மே மாதம், டொமகொமாய் அணியோடு.
ஒரு ரன் முன்னால். ஆறாவது இன்னிங்ஸ்.
எழுபத்தொரு பந்துக்குப் பிறகு
மேட்டில் நின்று
பந்தைக் கையுறைக்குள் திருப்பினேன்.
சுண்டுவிரலோரம் தோல் இல்லை, தையல் இல்லை,
வெறும் பஞ்சு.
நொஸூயே குந்தியபடி இன்னொன்று கேட்டான்.
பனிக்காலம் முழுக்கச் சேர்த்த பலத்தைத் திரட்டித்
தூக்கினேன்:
கையுறை மாட்டிய இடது கை,
ஐந்து கிலோகூட இருக்காது.
அதைவிடக் கனமாய்
அந்தக் கூடாரத்தில் எதையும் தூக்கியதில்லை.

தோற்றோம். நான்கு ரன்.
மேலாளர் பேருந்தில் என் பக்கம் திரும்பவில்லை.
அறுந்த கைக்குப் பூங்கொத்து வரும்,
படுக்கையருகே படம் எடுப்பார்கள்.
அறாத கையைச் செய்தித்தாள்
எந்தப் பக்கத்தில் போடும்?

மறுநாள் காலை
மேல் தட்டிலிருந்து கோப்பையை எடுத்தேன்.
திரும்ப வைத்தேன்.
திரும்ப எடுத்தேன்.

மாலை, கூடாரம்.
எங்கள் பிடிகளில் நசுங்கி
வாளி அரிசி பாதி மாவு.
ஹதகெயாமா புது மூட்டையைத் தூக்கி வந்தாள்,
முதுகு வளையாமல், இடுப்பில் மடிந்து.
மேலே கொட்டினாள்.
"முப்பதுதான். முப்பத்தொன்று வேண்டாம்."

புதைத்தேன்.
ஒன்று.
இரண்டு.
சுண்டுவிரல் நுனியில் என்னவோ உறுத்தியது.
வண்டாகவும் இருக்கலாம்.